நாலு நியூட்ரான் கனம்

அம்மா,

இன்று சாயங்காலம் உப்பு ஜாடி காலியாகிவிட்டது. புதுப் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்து ஜாடியில் கொட்டிக்கொண்டிருந்தேன். பாதி கொட்டியதும் கை நின்றுவிட்டது. பாக்கெட்டின் மேல் 'அயோடின் கலந்த உப்பு' என்று போட்டிருந்தது. எத்தனையோ முறை பார்த்த எழுத்துதான். இன்றைக்கு அதைப் பார்த்ததும் உன் குரல் கேட்டது.

"இதுலயும் அயோடின்னு போட்டிருக்குது, அந்த மருந்தும் அயோடின்னு சொல்றாங்க. இத வாயில வைக்காதன்னு சொல்லிட்டு அதையே குடிக்கச் சொல்றாங்க. என்னாடி கணக்கு இது? நீதான படிக்கறவ, சொல்லு."

அப்போது எனக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம் இல்லை. இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். சமையற்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன விளக்கை மட்டும் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்னறையில் அப்பா தூங்குகிறார். கரும்பு வெட்டு நடக்கிற காலம், நாலு மணிக்கு எழுந்து பெண்ணாடம் மில்லுக்கு டிராக்டர் ஓட்டிப் போக வேண்டும். வெளிச்சம் அவர் கண்ணில் பட்டால் "என்ன பாப்பா, தூக்கம் வரலியா"ன்னு எழுந்து வந்துவிடுவார். வந்து என் முகத்தைப் பார்த்தால் நான் சொல்லிவிடுவேன். இன்னும் சொல்லத் தைரியம் வரவில்லை.

முதலில் உன்னிடம் சொல்கிறேன். மூன்று வாரமாக என் கழுத்தில் ஒரு உருண்டை இருக்கிறது. சுண்டைக்காய் அளவுதான். எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்குகிறது. உனக்கும் அப்படித்தான் இருந்தது. நீதான் என் விரலைப் பிடித்து உன் கழுத்தில் வைத்து, "பாரு, லிஃப்டு மாதிரி போவுது, வருது" என்று சிரித்தாய். இப்போது என் லிஃப்டை நானே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் சடையை முன்னால் போட்டு மறைத்துக்கொள்கிறேன். யாஸ்மின், "என்னாடி, எப்பப் பாத்தாலும் சடைய முன்னாடி உட்டுக்கற, ஷூட்டிங்கு ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன்.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன், அம்மா. உன் கப்பிலிருந்து வந்தது என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கப் இப்போது என் முன்னால் இருக்கிறது. நீ போன பிறகு அப்பா அதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். நான் இன்றைக்கு ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். துணியைப் பிரித்தேன்.

அது பிறந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு நேராக நீ வேலை செய்த செராமிக் கம்பெனிக்கு வந்துவிட்டேன். நீ அச்சு வரிசைக்கு முன்னால் குந்தியிருந்தாய். வெள்ளைக் களிமண் கலவையை ஒவ்வொரு அச்சிலும் விளிம்புவரை ஊற்றுவாய். பாரிஸ் சாந்து அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அச்சின் சுவரில் களிமண் ஒட்டிக்கொண்டே வரும். வேண்டிய கனம் ஏறியதும் அச்சைக் கவிழ்த்து, நடுவில் கெட்டியாகாமல் நிற்கிற கலவையைக் கொட்டிவிடுவாய். ஒட்டினது கப். கொட்டினது திரும்பத் தொட்டிக்கு. நீ கடிகாரம் பார்த்ததில்லை. விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பாய், கவிழ்ப்பாய்.

அன்றைக்கு எட்டு அச்சில் ஊற்றி முடித்தபோது உன் போன் அடித்தது. கழுத்துக் கட்டி புற்றுதானா என்று ஊசி குத்தி எடுத்த சோதனையின் முடிவு. நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாய். "ஆமாங்க", "சரிங்க", "எப்பங்க வரணும்" என்று மட்டும் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டும் அங்கேயே நின்றாய். எட்டு அச்சும் உனக்காகக் காத்திருந்தன. எனக்குக் கவிழ்க்கத் தெரியாது.

நீ வந்து கவிழ்த்தபோது உள்ளே இருந்து கொஞ்சம்தான் வழிந்தது. மேஸ்திரி ஒரு கப்பைத் தூக்கிப் பார்த்து, "என்னாக்கா, டீ கப்பு கேட்டா உரலு செஞ்சு வெச்சிருக்கற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உனக்கு என்ன செய்தி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரே அச்சு, அதே வளைவு, அதே கைப்பிடி. தூக்கினால்தான் தெரியும். அந்த எட்டையும் நீ மற்றதோடு சேர்த்துச் சூளையில் வைத்தாய். "தடிச்சது உள்ள ஈரம் புடிச்சிருக்கும், வெடிச்சாலும் வெடிக்கும். எது வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்" என்றாய். நாலு வெடித்தன. நாலு தப்பின. தப்பியதில் ஒன்றை நீ வீட்டுக்கு எடுத்துவந்தாய், வீட்டிலிருந்த மற்ற கப்புகளோடு அடுக்கி வைத்தாய்.

அதன்பிறகு நீயும் அப்பாவும் சென்னைக்குப் போனீர்கள். ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் மாலை மாதிரி ஒரு தையலோடு வந்தாய். கொஞ்ச நாள் கழித்து மருந்து குடிக்க மறுபடி போக வேண்டும் என்றார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் உனக்கு அயோடின் ஆகாது. மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. அப்பா எங்கெங்கோ கேட்டு அயோடின் சேர்க்காத கல்லுப்பு வாங்கிவந்தார். அதைத் தனி டப்பாவில் போட்டு வைத்தபோதுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

நீங்கள் சென்னையில் இருந்த நாட்களில் நான் மங்கலம்பேட்டையில் யாஸ்மின் வீட்டில் இருந்தேன். நீ போனில் பேசினாய். "ஒரு ரூமுல என்னை மட்டும் வெச்சு மூடிட்டாங்கடி. மருந்து வெறும் தண்ணி மாதிரிதான் இருக்குது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சச் சொன்னாங்க. ஏதோ பெரிய மருந்துன்னு பாத்தா உப்புகூடக் கரிக்கல. குடுத்துட்டு அந்த நர்ஸு பொண்ணு ஓடுது பாரு, முனீஸ்வரனுக்குப் படையல் வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம ஓடற மாதிரி!" யாஸ்மினும் நானும் ஸ்பீக்கரில் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா மூன்று நாளும் அந்தத் தளத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

ரயிலில் கூட்டத்தோடு வரக்கூடாது என்று காரில் வந்தாய். இரண்டு வாரம் உனக்குப் பின்னறை. தனித் தட்டு, தனிப் பாய். தனிக் கப்பு வேண்டும் என்றபோது, "அந்த உரலு கப்ப குடு, கை மாறினாலும் தூக்கினா தெரிஞ்சிடும்" என்றாய்.

ஐந்தாம் நாள் காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சமையற்கட்டு மேடையில் ஒரு கப்பில் தண்ணீர் பாதி இருந்தது. எடுத்துக் குடித்தேன். தூக்கும்போதே கை சொன்னது. அதற்குள் வாய் குடித்துவிட்டது. நீதான் கழுவ வைத்துவிட்டு மறந்திருக்க வேண்டும். முற்றத்துக்கு ஓடித் துப்பினேன். வாயைக் கொப்பளித்தேன். விரலை விட்டு வாந்தி எடுத்தேன். சோப்பைப் போட்டு நாக்கைத் தேய்த்தேன், அம்மா. நிமிர்ந்து பார்த்தால் நீ பின்னறை வாசலில் நிற்கிறாய்.

கிட்ட வர ஒரு அடி வைத்தாய். நான் பின்னால் போனேன். நீ நின்றுவிட்டாய்.

"அழுவாத. நானா இருந்தாலும் துப்பியிருப்பேன்" என்றாய். "ஸ்கூலுக்குப் போ, பஸ்ஸு போயிடும்."

இரண்டு வாரம் முடிந்தது. டாக்டர் இனிமேல் பிள்ளை பக்கத்தில் படுக்கலாம் என்று சொல்லிவிட்டார். நான் படுத்தேன். ஆனால் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தேன். உனக்கு அது தெரிந்தது. நீ என் சடையின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்குவாய். நோய் அதற்கு முன்பே நெஞ்சுக்கு இறங்கியிருந்தது என்று எங்களுக்குப் பிறகுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஐந்து மாதம். நான் ஒருநாளும் திரும்பிப் படுக்கவில்லை.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன். சரி, இப்போது பாடம்.

போன மாதம் சயின்ஸ் மிஸ் 'அணு அமைப்பு' நடத்தினார். அணுவின் நடுவில் உட்கரு, அதில் புரோட்டானும் நியூட்ரானும், சுற்றிலும் எலக்ட்ரான். புரோட்டான் எத்தனை என்பதுதான் அது எந்தப் பொருள் என்று முடிவு செய்கிறது. ஐம்பத்து மூன்று புரோட்டான் இருந்தால் அயோடின். ஐம்பத்து நான்கு ஆகிவிட்டால் அது அயோடின் இல்லை, வேறு. அந்த எண்ணை யாரும் மாற்ற முடியாது. மரக்காணத்து உப்பளத்தில் இருந்தாலும் ஐம்பத்து மூன்றுதான், உன் கழுத்தில் இருந்தாலும் ஐம்பத்து மூன்றுதான். ஆனால் நியூட்ரான் கூடக் குறைய இருக்கலாம். அப்படி இருப்பதற்குப் பெயர் ஐசோடோப்பு.

யாஸ்மின் எழுந்து, "மிஸ், அப்ப ரெட்டைப் புள்ளைல ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி, அதானே?" என்றாள். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "கிட்டத்தட்ட. ஆனா குண்டா இருக்கறது வெளிய தெரியக் கூடாது. பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியக் கூடாது" என்றார்.

அடுத்த பக்கத்தில் ஐசோடோப்புகளின் பயன்கள் இருந்தன. அதில் ஒரு வரி: அயோடின்-131, முன்கழுத்துக் கழலை, தைராய்டு புற்றுநோய் சிகிச்சையில் பயன்படுகிறது. அம்மா, அந்த வரியில் நீ இருந்தாய். யாரோ அச்சடித்து, ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகள் கையிலும் கொடுத்திருக்கிற புத்தகத்தில், பின்னறையில் தனிப் பாயில் படுத்திருந்த நீ இருந்தாய். அந்த வரிமேலேயே விரலை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள், "ஏய், என்னாடி" என்று இடித்தாள்.

உப்பில் இருப்பது அயோடின்-127. ஐம்பத்து மூன்று புரோட்டான், எழுபத்து நான்கு நியூட்ரான். நீ குடித்தது 131. அதே ஐம்பத்து மூன்று, ஆனால் எழுபத்தெட்டு நியூட்ரான். நாலே நாலு கூடுதல். அதுவும் நட்ட நடுவில், எதுவும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில். வெளியே எலக்ட்ரான் எல்லாம் அப்படியே. உடம்பு வெளியேதான் பார்க்கிறது. ஒரே அச்சில் வந்த கப்பு, அம்மா. நாலு நியூட்ரான் தடிப்பு.

நம் கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பிக்கு அயோடின் என்றால் அவ்வளவு ஆசையாம். ரத்தத்தில் வருகிறதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதனால்தான் உன்னை இரண்டு வாரம் பட்டினி போட்டார்கள். மீன் இல்லை, அயோடின் உப்பு இல்லை என்று ஏங்கவிட்டு, பிறகு அந்தக் கனமான அயோடினைக் கொடுத்தார்கள். உன் உடம்பில் மிச்சமிருந்த நோய்க்கும் அதே ஆசை. தூக்கிப் பார்க்கத் தெரியாமல் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. இதுதான் அம்மா கணக்கு. நீ கேட்ட கணக்கு. யார் இதைக் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் உன்னைப் போல ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்புறம் என்ன நடந்தது என்று கேள். கனமான அயோடினால் அப்படியே இருக்க முடியாது. ஏதோ ஒரு நொடியில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஒரு எலக்ட்ரானை வெளியே எறிகிறது. அது ஒரு அரிசி நீளம்கூடப் போகாது. பக்கத்தில் இருக்கிற நோயைச் சுடும். கூடவே வெளியே வருகிற கதிர் ஒன்றும் உண்டு. அதற்காகத்தான் அந்த அறை, அதனால்தான் அந்த நர்ஸ் அக்காவின் ஓட்டம். எந்த அணு எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். ஆனால் எட்டு நாளில் பாதி மாறிவிடும் என்று மட்டும் சொல்ல முடியும். அடுத்த எட்டு நாளில் மிச்சத்தில் பாதி. சூளையில் வைத்த எட்டு கப்பில் நாலு வெடித்தது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. இங்கே இருப்பது எட்டு இல்லை, எண்ணி முடியாத கோடி. அத்தனை கோடியும் யாரும் சொல்லாமல் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுகிறது.

மாறினதும் அதன் புரோட்டான் ஐம்பத்து நான்கு ஆகிவிடுகிறது. அப்போது அது அயோடின் இல்லை. செனான். எதோடும் சேராத ஒரு வாயு. உன் மூச்சோடு வெளியே போயிருக்கும். நான் முதுகைக் காட்டிப் படுத்திருந்தபோது என் சடையைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கும். அதற்குத்தான் நான் பயந்தேன்.

நேற்று இடைவேளையில் மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், அந்த மருந்து குடிச்சவங்களோட கப்புல தெரியாம ஒருத்தங்க தண்ணி குடிச்சிட்டா?"

"யாரு குடிச்சது?"

"சும்மா கேட்டேன் மிஸ்."

மிஸ் கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார். "ஒரு வாய் தண்ணில எவ்ளோ எச்சில் இருந்துடும்? அந்த மருந்து மொத்தமுமே ஒரு உப்புத் துகள்ல நூத்துல ஒரு பங்கு எடைகூடத் தேறாது. என்னிக்குக் குடிச்சாங்களோ அன்னைலேர்ந்து எட்டு எட்டு நாளா எண்ணிப் பாரு. ஆனா உடம்புல ஏதாச்சும் சந்தேகம்னா, அத டாக்டருகிட்டத்தான் கேக்கணும். என்கிட்டக் கேட்டா நான் மார்க்குதான் போட முடியும்."

எண்ணிப் பார்த்தேன். காலண்டர் தாளைத் திருப்பித் திருப்பி எண்ணினேன். அந்தக் காலையிலிருந்து இன்றைக்கு நானூற்று இருபத்து நான்கு நாள். எட்டால் வகுத்தேன். ஐம்பத்து மூன்று. மீதி இல்லை.

ஐம்பத்து மூன்று, அம்மா. மறுபடியும் வகுத்துப் பார்த்தேன். இது தற்செயல்தான் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு எண்ணினால் சரியாக வராது. ஆனாலும் இன்றைக்குத்தானே எண்ணினேன்.

ஐம்பத்து மூன்று முறை பாதியாக்க வேண்டும். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன், கடைசியில் பதினாறு இலக்கம் வந்தது. கப்பில் ஒட்டியதை விடு. அந்த அறையில் நீ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாயே, அந்த மருந்து முழுவதையும் பூட்டி வைத்திருந்தாலும், இன்றைக்கு அதில் ஒரே ஒரு அணு மிச்சமிருக்குமா என்பதே சந்தேகம். இன்று சாயங்காலம் மிஸ்ஸிடம் தாளைக் காட்டினபோது அவரும் எடைக்கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னார். அப்பா பரண்மேல் சுற்றி வைத்திருந்தது வெறும் கப்பு. நான் பயந்து பயந்து பார்த்தது வெறும் கப்பு.

நீ அன்றைக்கு ஒரு அடி வைத்தாயே. அந்த ஒரு அடிக்கு நான் என்ன பதில் சொல்வது என்று பதினான்கு மாதமாகத் தெரியவில்லை. பாடத்திலும் அது இல்லை.

ஆனால் ஒன்று புரிந்தது. கழுத்தில் இருப்பது அந்தக் கப்பிலிருந்து வரவில்லை. அப்படியானால் எதிலிருந்து? தெரியாது. ஒன்றும் இல்லாத உருண்டையாக இருக்கலாம். உன்னுடையதைப் போல இருக்கலாம். நான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதால் அது தெரியப்போவதில்லை. தூக்கிப் பார்க்கத் தெரிந்த டாக்டர்கள் தூக்கிப் பார்க்க வேண்டும். உன்னுடையது தெரிந்தபோது நேரம் ஆகிவிட்டிருந்தது. நீயும் என்னிடம் லிஃப்டு காட்டுவதற்கு முன் எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டுதான் இருந்தாய். எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொல்லத்தான் பயம். அந்த பெஞ்சு அவருக்கு இன்னொரு முறை வேண்டாமே என்றுதான் மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைவிட இன்னொரு பயமும் உண்டு. என்னையும் ஒரு அறையில் வைத்து மூடினால், வெளியே வந்ததும் நான் கிட்டப் போகும்போது யாராவது ஒரு அடி பின்னால் வைப்பார்களே. உனக்கு நான் செய்ததை எனக்கு யார் செய்வார்கள் என்று முகம் முகமாக யோசித்துப் பார்த்தேன். அப்பா செய்ய மாட்டார். யாஸ்மின் ஏதாவது கேலி பேசுவாள், ஆனால் நகர மாட்டாள்.

இப்போதுதான் கப்பைக் கழுவினேன். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு விளிம்புவரை ஊற்றி நின்றபடியே குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். தண்ணீர்தான், அம்மா. விளிம்பில் உன் விரல் ஓடிய வழவழப்பு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கப்பையும் போலத்தான். அந்த போன் வந்த நேரம் முழுக்க அதன் சுவருக்குள் இருக்கிறது.

முன்னறையில் கட்டில் முனகுகிறது. அப்பா இருமுகிறார். நாலு மணி ஆகிவிட்டது போல. கதவுக்குக் கீழே வெளிச்சம் வந்துவிட்டது.

"பாப்பா? உள்ள யாரு, நீயா? இந்நேரத்துக்கு என்னாம்மா பண்ற?"

நோட்டை மூடப் போகிறேன். டீ போட்டு அவருக்கு எப்போதும் குடிக்கிற கப்பிலும் எனக்கு இதிலும் ஊற்றப் போகிறேன். அவர் பார்ப்பார். "இது அம்மாவோடதாச்சே, பரண்மேல இல்ல இருந்துது" என்பார். அப்போது அவர் கையைப் பிடித்து என் கழுத்தில் வைப்பேன், நீ என் விரலை வைத்த மாதிரி. விழுங்கிக் காட்டுவேன்.

கனமாகத்தான் இருக்கிறது, அம்மா. கீழே போட்டுவிட மாட்டேன்.